பழைய ஓட்டோ கியர்பொக்ஸைத் திருத்தக் கொடுக்கப் போகிறீர்களா? எங்கள் 385,000 ரூபா போன விதம் இது

385,000 ரூபா. அதற்குக் கையில் இருப்பது ஒரு பை கருகிய கியர்பொக்ஸ் பிளேட்டும் ஒற்றை வரி பில்லும்தான். நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுதாக வாசியுங்கள்.

எங்களுடையது 1970 எம்ஜீபீ ஜீடீ என்ற ஆங்கில ஸ்போர்ட்ஸ் கார், ஓட்டோ: கியர் தானாக மாறும், கிளட்ச் பெடல் இல்லை. எம்ஜீபீயில் ஓட்டோவா என்று கேட்காத ஆள் இல்லை. 1967 முதல் 1973 வரை கம்பனியே போட்டு விற்றதுதான்: போர்க்வோர்னர் 35 என்ற கியர்பொக்ஸ், மூன்று கியர். அது வழுக்கத் தொடங்கியதும் வீட்டில் வாக்குவாதம். மெனுவலுக்கு மாற்றுவோம் என்றேன் நான். இறக்கத்தில் இரண்டாம் கியரில் விட்டால் எஞ்சினே காரைப் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் தேய்ந்தால் இங்குள்ள கராஜிலேயே மாற்றலாம். ஆனால் அப்பாவுக்கு இடது முழங்கால் சரியில்லை. ரம்பொடை வளைவுகளில் மரக்கறி லொறிக்குப் பின்னால் கிளட்சை மிதித்து மிதித்து ஏற அவரால் ஆகாது. மாற்றுவதென்றால் ஃப்ளைவீல், கிளட்ச், பெடல் எல்லாம் தேட வேண்டும். சரி, ஓட்டோவையே செய்வோம் என்று முடிவானது.

கொழும்புப் பக்கம், ஆங்கிலக் கார்தான் எங்கள் தொழில் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு கராஜ். மேசையில் ஒரு கியர்பொக்ஸைப் பிரித்து, வெள்ளைத் துணியில் சாமான்களை வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார்கள். முதலாளி அப்பாவுக்குக் கதிரை இழுத்துப் போட்டு, தேத்தண்ணி கொடுத்து, பிளேட், பேண்ட், சீல் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி விளக்கினார். "ஐயா, கழற்றுகிற பழைய சாமானை உங்கள் கையிலேயே தந்துவிடுவேன். அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?" அந்த வார்த்தைக்குத்தான் அப்பா பணத்தை எண்ணிக் கொடுத்தார். சொன்னபடியே பையும் வந்தது. கியர்பொக்ஸ் வெள்ளிப் பெயின்டில் பளபளத்தது.

கம்பளை தாண்டிப் புசல்லாவை வரை குறையில்லை. ரம்பொடை ஏற்றத்தில் எஞ்சின் கத்துகிறது, கார் ஊர்கிறது, பின்னால் பஸ்காரன் ஹோர்னிலிருந்து கையை எடுக்கவில்லை. கியர்பொக்ஸ் ஒயில் குச்சியை இழுத்துப் பார்த்தால் சிவப்பாக இருக்க வேண்டிய ஒயில் கறுத்துக் கிடக்கிறது, தீய்ந்த மணம் வேறு.

இங்கே ஓட்டோ வேலை தெரிந்த ஓர் அண்ணன் பிரித்தார். உள்ளே பழைய பிளேட்டேதான். புதிதாக இருந்தது கீழ்த்தட்டின் கேஸ்கெட்டும் பெயின்டும். பையிலிருந்த பிளேட்டை எடுத்து டிரம்முக்குள் வைத்துப் பார்த்தார், இறங்கவே இல்லை. "தம்பி, இது இந்தப் பொக்ஸ் சாமானே இல்லை. ஏதோ ஜப்பான் வேனுடையது" என்றார். அத்தாட்சி என்று கொடுத்ததே வேறு வண்டியின் குப்பை!

கராஜ் முதலாளிக்குப் போன் எடுத்தால் முதலில் "ஒயிலை மாற்றிப் பாருங்கள்". அப்புறம் "மலையில் ஓட்டினால் அப்படித்தான்". மலையில் இருக்கிறவன் வேறெங்கே ஓட்டுவது? அதற்கும் பிறகு "ஏப்ரல் சீசன் முடியட்டும்", "காரைக் கொழும்புக்கு இறக்குங்கள்". லொறிக் கூலி யார் தருவது என்றால் பேச்சில்லை. படங்களை வட்ஸ்அப்பில் அனுப்பினேன். பார்த்ததற்கு நீலக் குறி விழுந்தது, பதில் விழவில்லை. 385,000 ரூபா வாங்கும்போது ஒரே அழைப்பில் எடுத்த மனிதர்!

இந்த இழுத்தடிப்பு சும்மா இல்லை. நுகர்வோர் அதிகார சபைக்கு வேலை முடிந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு போக வேண்டும். நாங்கள் அனுப்பிவிட்டோம். அதனால்தான் கராஜின் பெயரை இங்கே போடவில்லை, கேட்க வேண்டாம்.

எதையெல்லாம் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமையில்லை. பிரிக்கும்போதும் பூட்டும்போதும் உங்கள் ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். பில்லில் ஒவ்வொரு சாமானும் தனித்தனியாக இருக்க வேண்டும். எங்களுடையதில் "கியர்பொக்ஸ் வேலை 385,000" என்று மட்டும்தான். ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்காமல் மிச்சப் பணத்தைக் கொடுக்காதீர்கள். முழங்கால் நன்றாக இருக்கிறவர்கள் மெனுவலையே வாங்குங்கள். ஏமாற்று வேலை அதிலும் நடக்கும், ஆனால் கிளட்ச் பிளேட்டைப் பார்த்துச் சொல்ல ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். ஓட்டோவுக்கு ஒருவரைத் தேடிப் பிடிக்கவே எங்களுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. முறைப்பாட்டுக்கு நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்தில் கேளுங்கள். போனில் சொன்னதோடு விடாமல் எழுத்திலும் கொடுங்கள்.