அரிப்பா, வாடையா: மாத்திரை, புரோபயாட்டிக், தயிர் மூன்றும் ஒரு பார்வை

சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் கடைக்கு வரும் பெண் எதையும் கேட்காமல் இருமல் மிட்டாய் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றால், கூட்டம் கலையட்டும் என்று காத்திருக்கிறாள் என்று அர்த்தம். மருந்துக்கடையில் பதினோரு வருடமாகக் கல்லாவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன், கணக்குத் தப்பியதில்லை. போன வாரம் வந்தவளும் அப்படித்தான். கடையிலிருந்த ஆண்கள் இருவரும் படியிறங்கியதும் போனை நீட்டினாள். ஒரு புரோபயாட்டிக் டப்பாவின் படம்.

“அக்கா, இது இருக்கா? வெள்ளைப்படுது. டாக்டர் எழுதின மாத்திரையை ஏழு நாளும் போட்டேன், வாயெல்லாம் துருப்பிடிச்ச மாதிரி இருந்துச்சு. சரியாப் போச்சு, ரெண்டு மாசத்துல திரும்ப வந்துருச்சு. இது நல்ல கிருமியாம், சைடு எஃபெக்ட் இல்லையாம். தங்கச்சி அனுப்புனா.”

“அரிப்பா, வாடையாம்மா?”

“வாடைதான்க்கா.” குரலை இன்னும் இறக்கி, “மீன் வாடை.”

புரோபயாட்டிக் உதவுமா என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இங்கேயே இருக்கிறது. திரிந்த பால் மாதிரி கட்டியாகப் பட்டு, அரித்து எரிந்தால் பெரும்பாலும் கேண்டிடா என்கிற ஈஸ்ட். நீர்த்த சாம்பல் வெள்ளையில் மீன் வாடையோடு வந்தால் பாக்டீரியல் வஜைனோசிஸ், சுருக்கமாக பி.வி. நுரையோடு பச்சை மஞ்சளாக வந்தால் டிரைக்கோமோனாஸாக இருக்கலாம். அது உடலுறவில் தொற்றுவது, இருவரும் சேர்ந்தே மருந்து எடுக்க வேண்டும், நல்ல கிருமிக்கு அங்கே வேலையே இல்லை. அறிகுறியை மட்டும் வைத்து முடிவு கட்டினால் தவறவும் செய்யும். அதனால்தான் பி.வி.க்கு டாக்டர்கள் நான்கு அடையாளம் பார்க்கிறார்கள்: ஒரே சீரான நீர்த்த கசிவு, 4.5-க்கு மேல் பிஎச் (புளிப்பை அளக்கும் எண், எண் ஏறினால் புளிப்புக் குறைவு), பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டதும் கிளம்பும் மீன் வாடை, மைக்ரோஸ்கோப்பில் பாக்டீரியா அப்பிக்கிடக்கும் செல்கள். நான்கில் மூன்று இருந்தால் பி.வி. 1983-லிருந்து இதுதான் வழக்கம்.

பி.வி.யில் நடப்பது வெளியாள் படையெடுப்பு அல்ல, வீட்டுக்காரர் காலி செய்துவிட்ட கதை. யோனியில் லாக்டோபேசில்லஸ் குடும்பம் இருந்து லாக்டிக் அமிலம் சுரந்து பிஎச்-ஐ 3.8-க்கும் 4.5-க்கும் இடையில் வைத்திருக்கும். அது குறைந்ததும் கார்ட்னரெல்லா முதலான வேறு பாக்டீரியாக்கள் பெருகி, சுவரில் பாசி மாதிரி ஒரு படலம் போட்டுவிடும். பி.வி.க்கு டாக்டர்கள் வழக்கமாக எழுதும் மெட்ரோனிடசோல் மாத்திரை அவற்றைக் கொல்கிறது, ஆனால் காலியான வீட்டில் யாரையும் குடிவைப்பதில்லை. படலத்தில் மிச்சம் இருப்பவை மறுபடி கிளைக்கும். ஆஸ்திரேலியாவில் 2006-ல் வெளியான ஆய்வில், மாத்திரை சாப்பிட்டவர்களில் பாதிக்கும் மேல், 58 சதவீதம் பேருக்கு, ஒரு வருடத்துக்குள் திரும்ப வந்தது. அவள் புலம்பல் ஒன்றும் புதிதல்ல.

ஆக, நல்ல கிருமியை நாமே குடிவைத்தால் என்ன என்று தோன்றுவது நியாயம்தான். யாரைக் குடிவைக்கிறோம் என்பதில்தான் சிக்கல்.

நைஜீரியாவில் 2006-ல் 125 பெண்களுக்கு மெட்ரோனிடசோலோடு ஜிஆர்-1, ஆர்சி-14 என்ற இரண்டு லாக்டோபேசில்லஸ் வகைகள் உள்ள கேப்சூலை வாய்வழியாக 30 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். குணமானவர்கள் 88 சதவீதம், வெற்றுக் கேப்சூல் எடுத்தவர்களில் 40 சதவீதம். படித்தபோது நானே நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிறகு 2012-ல் மெல்போர்னில் 450 பெண்கள், மாத்திரையோடு உள்ளே வைக்கும் லாக்டோபேசில்லஸ் அசிடோபிலஸ். இம்முறை ஒரு பயனும் இல்லை, ஆறு மாதத்தில் எல்லாக் குழுவிலும் ஏறத்தாழ 28 சதவீதம் பேருக்குத் திரும்பியது. 2020-ல் அமெரிக்காவில் 228 பெண்கள். இவர்களுக்கு யோனியின் அசல் குடியான லாக்டோபேசில்லஸ் கிரிஸ்பேட்டஸ். முதலில் மெட்ரோனிடசோல் ஜெல், அப்புறம் இந்தக் கிருமித் தூளை உள்ளே வைத்தார்கள். 12 வாரத்தில் திரும்ப வந்தது 30 சதவீதம் பேருக்கு, வெற்றுத் தூள் வைத்தவர்களில் 45 சதவீதம் பேருக்கு. மூன்றிலும் மருந்தை யாரும் நிறுத்தவில்லை. மருந்தோடோ மருந்துக்குப் பின்னாலோதான் புரோபயாட்டிக் வந்தது, மருந்துக்குப் பதிலாக அல்ல.

அந்த கிரிஸ்பேட்டஸ் தூள் என் அலமாரியில் இல்லை. இருக்கும் டப்பாக்களைத் திருப்பிப் பாருங்கள். ‘பெண்கள் நலம்’ என்று ரோஜா நிறத்தில் முன்பக்கம். பின்பக்கம் பொடி எழுத்தில் ராம்னோசஸ், ரொய்ட்டரி, அசிடோபிலஸ் என்று இனத்தின் பெயர். அதற்குப் பின்னால் வரவேண்டிய வகைக் குறியீடு, அந்த ‘ஜிஆர்-1’ போன்ற ஒட்டு, பலவற்றில் காணோம். அது இல்லாவிட்டால் ஊர் பெயரை மட்டும் எழுதி வீட்டு நம்பர் எழுதாத கடிதம். உயிருள்ள கிருமி இத்தனை என்று பல பில்லியன் கணக்குப் போட்டிருந்தாலும் பயனில்லை. விலையோ ஏழு நாள் மெட்ரோனிடசோலைவிடப் பல மடங்கு. அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2021-ல் வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டியும் பி.வி.க்கு லாக்டோபேசில்லஸ் மருந்துகளைப் பரிந்துரைக்கவில்லை.

அரிப்புக்காரர்களுக்கு புரோபயாட்டிக் இன்னும் தூரம். ஈஸ்ட் தொற்றில் பிஎச் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், லாக்டோபேசில்லஸும் அங்கேயே இருக்கும். இருக்கிற குடித்தனத்துக்கு இன்னொரு குடித்தனம் எதற்கு? ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் ஈஸ்ட் வந்துவிடுமே, கூடவே புரோபயாட்டிக் எடுத்தால் தடுக்கலாமா என்று ஆஸ்திரேலியாவில் 2004-ல் 235 பெண்களிடம் சோதித்தார்கள். வாய்வழியும் பார்த்தார்கள், உள்ளே வைத்தும் பார்த்தார்கள். தடுக்கவில்லை. க்ளோட்ரிமசோல் உள்மாத்திரை ஆறு இரவு, அல்லது டாக்டர் எழுதினால் ஃப்ளூகோனசோல் 150 மி.கி. ஒரே ஒரு மாத்திரை, அதோடு பெரும்பாலோருக்கு முடிந்துவிடும். கர்ப்பிணிகளுக்கு ஃப்ளூகோனசோல் வேண்டாம், உள்மாத்திரைதான். வருடத்தில் மூன்று நான்கு தடவை வந்தால் சர்க்கரையைப் பரிசோதிக்காமல் மேலே போகாதீர்கள்.

அடுத்தது தயிர். 1992-ல் நியூயார்க்கில் ஒரு சிறிய ஆய்வு. அடிக்கடி ஈஸ்ட் வரும் 33 பெண்கள், தினம் 225 கிராம் அளவுக்கு அசிடோபிலஸ் யோகர்ட். ஆறு மாதம் சாப்பிட்டபின் ஆறு மாதம் நிறுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. நன்றாக இருக்கிறது, நிறுத்தமாட்டோம் என்று எட்டுப் பேர் மறுத்துவிட்டார்கள்! கடைசிவரை நின்றவர்கள் 13 பேர்தான். அவர்களுக்குத் தொற்று நன்றாகக் குறைந்தது. ஆனால் 13 பேரை வைத்து என்ன சொல்வது? நம் வீட்டு உறைமோரில் அந்த அசிடோபிலஸ்தான் இருக்கிறது என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. சாப்பாட்டில் தயிர் நல்லது, சாப்பிடுங்கள். உள்ளே தடவிக்கொள்வது மட்டும் வேண்டவே வேண்டாம். வாசனை வாஷ் போட்டு உள்ளே கழுவுவதும் அதே ரகம், இருக்கிற நல்ல கிருமியும் போய்விடும்.

இதையெல்லாம் அவளிடம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை, வாடிக்கையாளர்கள் வந்துகொண்டிருந்தார்கள். டப்பாவை விற்க மறுக்கவும் இல்லை. மருந்தை முடித்துவிட்டு அதன்பின் ஒரு மாதம் எடுத்துப் பார், தீங்கில்லை, திரும்பாது என்று மட்டும் நம்பிவிடாதே என்றேன். எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்கள் என்றால் அதுவும் டாக்டரைக் கேட்டுத்தான். அடிவயிற்று வலியோ காய்ச்சலோ இரத்தமோ இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றாள்.

அப்புறம், எனக்கே சொல்லத் தயக்கமாக இருந்ததைச் சொன்னேன். 2025-ல் ஆஸ்திரேலியாவில் 164 ஜோடிகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. பி.வி. வந்த பெண்ணுக்கு மட்டும் மருந்து கொடுத்த குழுவில் 12 வாரத்துக்குள் 63 சதவீதம் பேருக்குத் திரும்பியது. கணவர் அல்லது துணைவருக்கும் ஏழு நாள் மெட்ரோனிடசோல் மாத்திரையும் ஆணுறுப்பில் தடவ க்ளிண்டமைசின் க்ரீமும் கொடுத்த குழுவில் அது 35 சதவீதம். இவ்வளவு பெரிய வித்தியாசத்தை எந்தப் புரோபயாட்டிக் டப்பாவும் தொடர்ந்து காட்டியதில்லை.

“அடுத்த தடவை டாக்டர்கிட்ட போகும்போது அவரையும் கூட்டிட்டுப் போம்மா.”

“அவரையா?” சிரித்துவிட்டாள். “எனக்கு வந்ததுக்கு அவரு மாத்திரை போடுவாராக்கா?”

டப்பாவைச் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புப் பையில் போடச் சொல்லி வாங்கிக்கொண்டு போனாள்.