காய்ந்த பின் கோடு தெரியாத பசை எது?

ரப்பர் மரத்தில் ஒரு சிறு பெட்டி செய்தேன். கைவசம் இருந்த பழுப்புப் பசையைத் தடவி, கிளாம்ப் போட்டு இறுக்கினேன். மறுநாள் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், வெளிறிய மரத்தில் மூலைக்கு மூலை பென்சில் கோடு இழுத்தது போல ஓர் இழை. பசை தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது. மரத்துக்கு ஏற்ற நிறத்தைப் பார்க்காதது என் தவறு.

நம் ஊர்க் கடைகளில் முதலில் கைக்கு வருவது வெள்ளைப் பசைதான். ஃபெவிகால் எஸ்எச் டப்பாவில் பால் போல இருக்கும். காய்ந்தால் ஏறக்குறைய நிறமற்றுப் போகும். ரப்பர் மரம், வெளிர் வினீர் (மெல்லிய மரத்தகடு) போன்றவற்றுக்கு இதை மிஞ்ச வேறு வேண்டியதில்லை. ஆனால் ஈட்டி போன்ற கருமரத்தில் பொருத்து கொஞ்சம் இடைவெளி விட்டிருந்தால், அங்கே காய்ந்த பசை வெளிறிய கோடாகத் தெரியும்.

டைட்பாண்ட் என்ற மரப்பசை வரிசையில் சாதாரண வகையும் இரண்டாவதும் மஞ்சளாகக் காயும். மூன்றாவது வெளிர் பழுப்பாகக் காயும். தேக்குக்கு நான் எடுப்பது மூன்றாவதைத்தான். தேக்கின் பொன்பழுப்பில் அது கரைந்துவிடுகிறது, தண்ணீரையும் நன்றாகத் தாங்குகிறது. தேக்கில் இயல்பாகவே எண்ணெய் உண்டு என்பதால், ஒட்டும் முன் அசிட்டோன் நனைத்த துணியால் ஒட்டும் பரப்பைத் துடைத்துவிடுவது நல்லது.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. இந்த வகைப் பசைகள் அதிகக் குளிரில் ஒன்றுசேராமல் சுண்ணாம்பு பூத்தது போல வெளுத்துக் காயும், பிடிப்பும் குறையும். டைட்பாண்ட் இரண்டுக்கு அந்த எல்லை சுமார் 13 டிகிரி செல்சியஸ், மூன்றுக்கு சுமார் 8 டிகிரி. மார்கழி இரவில் இந்த வித்தியாசம் பெரியது.

பாலியூரித்தேன் பசை நுரைத்துப் பொங்கி மணல் நிறத்தில் நிற்கும். அந்த நுரை இடைவெளியை நிரப்புவதாகத் தோன்றும், வலு கிடையாது. ரிசார்சினால் பசை கருஞ்சிவப்பு. படகுக்குச் சரி, வரவேற்பறை மேசைக்கு வேண்டாம். அரால்டைட் போன்ற எபாக்சி மங்கிய மஞ்சள். வெயில் பட்டால் இன்னும் மஞ்சளாகும். ஆனால் அதே மரத்தின் தூளைக் குழைத்துச் சேர்த்தால், கருமரத்தின் இடுக்குகளை நிரப்ப அதுபோல ஒன்றில்லை.

விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் பழைய வஜ்ஜிரப் பசை தேன் நிறத்தில் காயும். வயலின் செய்பவர்கள் இன்றும் அதைத்தான் காய்ச்சுகிறார்கள். வெந்நீர், சூடு காட்டினால் பிரித்துப் பழுதுபார்க்கலாம். ஈரத்தில் நிற்காது என்பதே குறை.

நிறமற்ற பசையே எப்போதும் பத்திரம் என்று பலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. மரத்துக்குச் சாயம் ஏற்றுவதாக இருந்தால் அதுதான் அதிகம் ஏமாற்றும். வழிந்த வெள்ளைப் பசையை விரலால் துடைத்தால் கறை கண்ணுக்கே தெரியாது; ஸ்டெயின் பூசியதும் அந்த இடம் மட்டும் சாயம் குடிக்காமல் விரல் ரேகையோடு வெளுத்து நிற்கும். பழுப்புப் பசையின் கறை முன்பே கண்ணில் படும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாம். அதனால் சாயம் ஏற்றும் வேலைக்கு வெள்ளைப் பசையை எடுத்தால், வழிந்ததை ஜவ்வு பதம் வரும்வரை விட்டு, உளியால் சுரண்டுகிறேன். ஈரத்துணி பக்கமே போவதில்லை.