ஐஓ யூரிங்: நான்கு வருஷமாகியும் பழைய நிரலை அழிக்க முடியவில்லை

பழைய ஆபீஸ் நண்பன் போன வாரம் கேட்டான்: "டேய், எங்க சர்வீஸ்ல ஃபைல் ரீடையெல்லாம் ஐஓ யூரிங்குக்கு மாத்திடலாமா?" படிக்க வேண்டியதை லினக்ஸ் கெர்னலிடம் (இயங்குதளத்தின் மையப்பகுதி) வரிசையாகக் கொடுத்துவிட்டு, முடிவைப் பிறகு வாங்கிக்கொள்ளும் வழிதான் ஐஓ யூரிங். சட்டென்று பதில் வரவில்லை. லாக் தேடும் ஒரு சர்வீஸில் நான்கு வருஷமாக இதோடுதான் மல்லுக்கட்டுகிறேன்.

2019இல் லினக்ஸ் 5.1இல் கெர்னல் டெவலப்பர் ஜென்ஸ் ஆக்ஸ்போ இதைக் கொண்டுவந்தார். ரிங் இரண்டு: கெர்னலுக்கு வேலையை அனுப்ப ஒன்று, முடிவை வாங்க ஒன்று. எனக்குப் பிடித்தது, 64 ரீடுகளை வரிசையில் போட்டுவிட்டு ஒரே ஒரு சிஸ்டம் காலில் (கெர்னலை அழைப்பது) அனுப்பிவிடலாம் என்பது. 41ஆவது முதலில் வரும், 3ஆவது சாவகாசமாக வரும். நாம் ஒட்டிவிட்ட யூசர் டேட்டா என்ற அடையாளத்தைப் பார்த்து எது எதுவென்று பிரித்துக்கொள்ளலாம். லினக்ஸின் பழைய வழியான ஏஐஓ போல, ஓ_டைரக்ட் (கெர்னலின் கேஷைத் தாண்டி நேராக டிஸ்க்கிலிருந்து படிப்பது) இல்லாவிட்டால் சொல்லாமல் கொள்ளாமல் பிளாக் ஆகி நிற்கிற வேலையெல்லாம் இதில் இல்லை. ரீடுக்கென்றே வைத்திருந்த த்ரெட் பூலை (ரீடு முடியும்வரை காத்திருக்கும் த்ரெட்களின் கூட்டத்தை) தூக்கிவிடலாம் என்று நினைத்தேன்.

நினைத்ததோடு சரி. சர்வீஸைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கன்டெய்னர் எஞ்சினை அப்டேட் செய்த அன்று சர்வீஸ் எழவே இல்லை. ரிங்கை உருவாக்கும் இடத்தில் மைனஸ் 1. வழக்கப்படி, பிழை எண் இருக்கும் எர்நோவைப் பார்த்தேன்; 0. தவறே இல்லையாம்! ராத்திரி பதினோரு மணிக்குத்தான் உறைத்தது: ஐஓ யூரிங்குக்கான லைப்ரரியான லிப்யூரிங் பிழை எண்ணை எர்நோவில் வைப்பதில்லை, மைனஸ் போட்டுத் திருப்பித் தருகிறது. அந்த 1தான் ஈபெர்ம். அனுமதி இல்லை. எந்த சிஸ்டம் கால்களை அனுமதிப்பது என்று சொல்லும் புது எஞ்சினின் செக்காம்ப் பட்டியலில் ஐஓ யூரிங்கை மொத்தமாக அடைத்திருந்தார்கள்.

அடைத்தவர்களைத் திட்டவும் வாய் வரவில்லை. ஓட்டை கண்டுபிடிப்பவர்களுக்கான தன் பரிசுத் திட்டத்துக்கு வந்த கெர்னல் எக்ஸ்ப்ளாய்ட்களில் (ஓட்டையைப் பயன்படுத்தும் தாக்குதல்கள்) 60 சதவீதம் இதன் வழியாகத்தான் நுழைந்தன என்று 2023இல் கூகுளே சொன்னது. லினக்ஸ் 6.6இலிருந்து இதை மூடுவதற்கென்றே ஒரு சிஸ்கன்ட்ரோல் (கெர்னல் செட்டிங்) வந்துவிட்டது. நியாயம்தான். ஆனால் என் நிலைமை? யூரிங் கிடைத்தால் ஒரு பாதை, கிடைக்காவிட்டால் த்ரெட் பூலும் பிரீடும் (சாதாரண ரீடு கால்). ஒவ்வொரு ரிலீஸுக்கும் டெஸ்ட் இரண்டு தடவை. பக் வந்தால் முதல் கேள்வியே "எந்தப் பாதையில்?" என்பதுதான். வேகத்துக்காக வாங்கிய வண்டியோடு பழைய வண்டிக்கும் சேர்த்து இன்ஷூரன்ஸ் கட்டுகிற கதை.

நண்பனிடம் சொல்லிவிட்டேன்: வேண்டாம்டா, உன் சர்வீஸ் எந்த மெஷினில் ஓடும் என்பது உன் கையில் இல்லை, த்ரெட் பூலே போதும்.

"அப்போ நீ எடுத்துடுவியா?" என்றான். முந்தாநாள்தான் புது இன்டெக்ஸரையும் யூரிங்கிலேயே ஆரம்பித்திருக்கிறேன். அதை அவனிடம் சொல்லவில்லை.