கோடை அணியா, ஆண்டு முழுவதும் கிளப்பா? வாஷிங்டன் வட்டாரத்து நீச்சல் பெற்றோருக்கு ஓர் அலசல்

மே மாதம் பிறந்துவிட்டால் வடக்கு வர்ஜீனியாவிலும் பக்கத்து மேரிலாந்தின் மான்ட்கோமரி கவுண்டியிலும் தமிழ்க் குடும்பங்கள் கூடும் இடமெல்லாம் ஒரே பேச்சு. பிள்ளையைக் குடியிருப்புக் குளத்தின் கோடை அணியில் சேர்ப்பதா, ஆண்டு முழுவதும் நடக்கும் நீச்சல் கிளப்பில் சேர்ப்பதா, வகுப்புக்கு மட்டும் அனுப்பினால் போதுமா? பெரும்பாலோர் பிள்ளையின் திறமையை எடைபோட்டு இதை முடிவு செய்யப் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது வீட்டு நாட்காட்டியை. அதிலும் ஊருக்குப் போக டிக்கெட் எடுத்திருக்கிறோமா என்பதை.

வகுப்பை இந்த ஒப்பீட்டிலிருந்து முதலிலேயே எடுத்துவிடலாம். மற்ற இரண்டுக்கும் அதுதான் நுழைவாயில். அமெரிக்காவில் ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளின் இறப்புக்கு முதன்மைக் காரணம் நீரில் மூழ்குவது. தெருவுக்குத் தெரு குளம் இருக்கும் இடத்தில் வாழ்ந்துகொண்டு வகுப்பைத் தள்ளிப்போடக் கூடாது. சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் இறக்கி நீச்சல் பழக்கிய தாத்தாக்கள் ஊரோடு போய்விட்டார்கள். நகரத்தில் வளர்ந்த நம்மில் பலருக்கு நீந்தத் தெரியாது. அதனால் பிள்ளை கையைக் காலை உதைத்து நகர்ந்தாலே நீச்சல் வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். அணியில் சேர வேண்டுமானால் குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, 25 மீட்டர், காலூன்றாமல், கயிற்றைப் பிடிக்காமல் போகத் தெரிய வேண்டும். பயிற்சியாளர் கரையில்தான் நிற்பார். செஞ்சிலுவைச் சங்கத்தின் நீச்சல் பாடம் ஆறு படிகள் கொண்டது. நான்காவது படியில் இருக்கும் பிள்ளை அணியில் திணறாது.

இனி கோடை அணி. வடக்கு வர்ஜீனியா நீச்சல் லீக் 1956இல் தொடங்கியது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட குளங்கள் அதில் இருக்கின்றன. அணிகளை வலிமைக்கு ஏற்றபடி பிரித்து, ஒரு பிரிவுக்கு ஆறு அணிகள் என்று வைக்கிறார்கள். ஆகவே ஐந்து சனிக்கிழமைகளில் ஐந்து அணிகளுடன் போட்டி. மே கடைசியில் வரும் நினைவு நாள் விடுமுறைக்குப் பின் மாலைப் பயிற்சி ஆரம்பிக்கும். பள்ளி முடிந்ததும் அது காலைக்கு மாறும். ஜூலை கடைசி வாரத்தில் பருவம் ஏறக்குறைய முடிந்துவிடும். எட்டு வயதுக்குட்பட்டோர் 25 மீட்டர் நீந்தினால் போதும், மற்றவர்களுக்குப் பெரும்பாலும் 50. சனிக்கிழமைப் போட்டியில் ஒரு நிகழ்வுக்கு ஓர் அணியிலிருந்து மூன்று பேர்தான் இறங்கலாம் என்பதால் புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்குப் பெரும்பாலும் இடம் கிடைக்காது. அதற்காக வாரநாள் மாலைகளில் ‘பி மீட்’ என்று இன்னொன்று நடக்கிறது. என் கண்ணுக்கு இந்த லீக்கின் உயிரே அந்த மாலைகளில்தான் இருக்கிறது. கடைசியாக வரும் ஆறு வயதுப் பிள்ளை சுவரைத் தொடும்வரை இரண்டு குளத்தாரும் கத்திக்கொண்டிருப்பார்கள்.

கிளப் வேறு உலகம். அமெரிக்காவின் தேசிய நீச்சல் அமைப்பான யுஎஸ்ஏ ஸ்விம்மிங்கில் பதிவு செய்த கிளப்புகள் செப்டம்பரில் தொடங்கிக் கோடைவரை ஓடும். எட்டு வயதுப் பிள்ளைக்கு வாரம் இரண்டு மூன்று நாள். பதின்மூன்று வயதாகும்போது ஐந்தாறு நாள். முழுநேரப் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். கை எந்தக் கோணத்தில் நீரில் நுழைகிறது என்பதுவரை பார்ப்பார்கள். கோடை அணியின் பயிற்சியாளர்களில் பலர் கல்லூரி விடுமுறையில் வந்த இளைஞர்கள். இரண்டு கைகளையும் ஒன்றாக வீசி நீந்தும் பட்டர்ஃபிளையைத் திருத்தமாகக் கற்க கிளப்புக்குத்தான் போக வேண்டும், இதில் விவாதத்துக்கு இடமில்லை. ஆனால் அதற்கு ஈடாக வார இறுதிகளை எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். ஒரு நிமிடத்துக்கும் குறைவான ஒரு நீச்சலுக்காக அரை நாள் உள்ளரங்கக் குளத்தின் ஈர வெப்பத்தில் உட்கார்ந்திருப்பது சாதாரணம்.

கிளப்பில் இன்னொன்றும் இருக்கிறது: பி, பிபி, ஏ என்று தொடங்கி நான்கு ஏ வரை, நீந்திய நேரத்தைப் பார்த்துக் கொடுக்கும் தரங்கள். மதிப்பெண் பட்டியலைக் கண்டாலே கை துறுதுறுக்கும் நம் வீடுகளில் இது என்ன காய்ச்சலைக் கிளப்பும் என்று சொல்லத் தேவையில்லை. போதாக்குறைக்கு, கிளப்பின் குளிர்காலப் போட்டிகள் 25 கஜக் குளத்தில், கோடைப் போட்டிகள் 50 மீட்டர் குளத்தில், வடக்கு வர்ஜீனியா லீக் 25 மீட்டர் குளத்தில். 50 கஜம் என்பது 45.72 மீட்டர்தான். மார்ச் மாதத்து நேரத்தையும் ஜூன் மாதத்து நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிள்ளை பின்தங்கிவிட்டது என்று கவலைப்படுகிறவர்கள், கூடுதலாக நீந்திய நான்கு மீட்டருக்கு மேலான தூரத்தைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள்.

கோடை அணியில் பெற்றோர் தப்பிக்க முடியாது. அதை நடத்துவதே பெற்றோர்தான். ஸ்டாப்வாட்ச் பிடிப்பவர், பிள்ளைகளை வரிசையில் நிறுத்துபவர், ரிப்பனில் பெயர் ஒட்டுபவர், நீச்சல் முறையைக் கண்காணிக்கும் நடுவர் எல்லோருமே யாரோ ஒரு பிள்ளையின் அம்மாவோ அப்பாவோதான். நடுவர்களுக்கு லீக் பயிற்சி கொடுக்கிறது. விதிகளில் விட்டுக்கொடுப்பு கிடையாது: தவளை நீச்சலான பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கிலும் பட்டர்ஃபிளையிலும் இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும், ஒரு கை பிந்தினால் தகுதி நீக்கம். முதல் பருவத்தில் இது ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளுக்கும் நடக்கும், சிலர் அழுவார்கள், அடுத்த வாரம் இரண்டு கைகளாலும் தொடுவார்கள். நீந்தத் தெரியாத பெற்றோருக்கு என் யோசனை, முதல் வாரமே ஸ்டாப்வாட்ச் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குளக்கரையில் அதைவிட நல்ல இடம் கிடையாது; பத்து ஆண்டுகள் ஒரே தெருவில் இருந்தும் பேசாத அண்டைவீட்டார் அங்கேதான் அறிமுகமாவார்கள்.

செலவைப் பொறுத்தவரை, கோடை அணிக் கட்டணம் சில நூறு டாலரோடு நின்றுவிடும், கிளப் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் போகும். ஆனால் கோடை அணிக்குப் பின்னால் குளத்தின் உறுப்பினர் கட்டணம் ஒளிந்திருக்கிறது. குடியிருப்போர் சங்கத்துக்குச் சொந்தமான குளம் என்றால் மாதச் சந்தாவிலேயே அடங்கிவிடும். தனி உறுப்பினர் குளம் என்றால் சேர்க்கைத் தொகை, சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் காத்திருப்புப் பட்டியல். இந்த உறுப்பினர் முறைக்கு ஒரு கசப்பான வரலாறும் உண்டு. வடக்கு வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் குளமும் பூங்காவும் வைத்திருந்த ஒரு சங்கம், வீட்டு உரிமையாளர் தம் கறுப்பின வாடகைதாரருக்கு மாற்றிக்கொடுத்த உறுப்பினர் உரிமையை ஏற்க மறுத்தது; அந்த வழக்கில் 1969இல் உச்ச நீதிமன்றம் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மான்ட்கோமரி கவுண்டியின் வீட்டன்-ஹேவன் குளத்துக்கு எதிராக 1973இல் இன்னொரு தீர்ப்பு. இன்று நம் பிள்ளைகள் அந்தக் குளங்களில் இயல்பாகக் குதிப்பதற்குப் பின்னால் வேறு யாரோ நடத்திய வழக்குகள் இருக்கின்றன.

கிளப் வேண்டாம், கோடை அணியே போதும் என்பவர்கள் ஒலிம்பிக் தங்கங்களை வென்ற நீச்சல் வீராங்கனை கேட்டி லெடெக்கியைக் காட்டுவார்கள். அவர் ஆறு வயதில் மான்ட்கோமரி கவுண்டியின் கோடை லீக்கைச் சேர்ந்த பாலிசேட்ஸ் குளத்தில் தொடங்கியது உண்மை. ஆனால் அங்கேயே அவர் நின்றுவிடவில்லை, கிளப்புக்கும் போனார். கோடையில் தொடங்கி, பிள்ளையே கேட்டால் செப்டம்பரில் கிளப்புக்குப் போகும் அந்த வரிசைதான் சாதாரணப் பிள்ளைக்கும் பொருந்தும் என்பேன். கிளப்பில் இருந்துகொண்டே கோடையில் தெரு அணிக்கும் நீந்துகிற பிள்ளைகள் ஏராளம்.

இப்போது நாட்காட்டிக்கு வருவோம். லீக்கின் முக்கியமான வாரங்கள் அப்படியே நம் ஆனி மாதத்தில் விழுகின்றன. ஆடியில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், ஆகவே ஊரில் ஆனி முகூர்த்தம் ஒன்று இருந்தே தீரும். ஜூன் நடுவில் விமானம் ஏறி ஜூலைக் கடைசியில் திரும்பும் குடும்பம் கோடை அணியில் பணம் கட்டுவது வீண். பிள்ளை ஒரு போட்டியைக்கூடப் பார்க்காது. அப்படிப்பட்டவர்கள் கோடையை விட்டுவிட்டு இலையுதிர்காலத்தில் கிளப்பின் தொடக்கநிலைக் குழுவுக்கோ வகுப்புக்கோ போகலாம். டிசம்பரில் ஊருக்குப் போகிறவர்களுக்குக் கோடை அணி கச்சிதம். இரண்டு வாரம் மட்டும் இல்லாமல் போவது பெரிய சிக்கலில்லை, பதிவின்போதே தேதிகளைச் சொல்லிவிட்டால் பயிற்சியாளர் ரிலே அணிகளை அதற்கேற்ப அமைத்துக்கொள்வார்.

பாட்டிமார் எழுப்பும் ‘வெயிலில் கறுத்துப்போவாள்’ என்ற ஆட்சேபத்துக்கு நான் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன். தோல் எரியாமல் இருக்க சன்ஸ்கிரீன் போடுங்கள், அவ்வளவுதான். வாங்க வேண்டியதும் அதிகமில்லை: நீச்சல் கண்ணாடி இரண்டு, ஏனென்றால் ஒன்று தொலையும், நீளமான பின்னல் உள்ளவர்களுக்கு சிலிகான் தொப்பி. விலையுயர்ந்த பந்தய உடை வேண்டவே வேண்டாம். 12 வயதுக்குட்பட்டோர் அதை அணிவதற்கு யுஎஸ்ஏ ஸ்விம்மிங்கே 2020 செப்டம்பரிலிருந்து தடை போட்டிருக்கிறது.

வயதுப் பிரிவையும் பார்த்துக்கொள்ளுங்கள். கோடை லீக்கில் ஜூன் 1 அன்று என்ன வயதோ அதுவே பருவம் முழுவதற்கும். ஜூன் 2இல் ஒன்பதாகிற பிள்ளை ஜூலைவரை எட்டு வயதுக்காரர்களோடுதான் நீந்தும். கிளப்பில் போட்டியின் முதல் நாள் வயதைப் பார்க்கிறார்கள்.

தாமதமாகத் தொடங்கும் பிள்ளைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பதின்மூன்று வயதில் சேர்பவருக்குக் கிளப் பெரும்பாலும் கடினம், அதே வயதினர் ஐந்தாறு ஆண்டுகள் முன்னால் இருப்பார்கள். இங்கே கோடை அணியை நான் தயங்காமல் சொல்வேன். இரண்டு கோடை நீந்திய பிள்ளை உயர்நிலைப் பள்ளியின் குளிர்கால நீச்சல் அணிக்கு முயன்று பார்க்கலாம். எல்லோரையும் சேர்க்கும் பள்ளிகளும் உண்டு, தேர்வு வைத்துக் கழிப்பவையும் உண்டு. உங்கள் பள்ளி எந்த வகை என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.