கலர் லேபில் கழுவ ஒரு கருப்பு வெள்ளை ஃபிலிம்: எக்ஸ்பி2 சூப்பர், நெடுநாள் அனுபவம்

கருப்பு வெள்ளையில் எடுக்க ஆசை, வீட்டில் ஃபிலிம் கழுவ வசதியில்லை, கைக்கெட்டும் தூரத்தில் கலர் லேப் மட்டுமே இருக்கிறது என்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இல்ஃபோர்டு எக்ஸ்பி2 சூப்பர். பல ஆண்டுகளாக என் கேமராவில் அதிகம் ஓடியது இதுதான்.

வாங்கும்போது பெட்டியில் சி-41 (கலர் லேப்கள் கலர் நெகட்டிவ் ஃபிலிம் கழுவும் முறை) என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். டிரை-எக்ஸ், எச்பி5 பிளஸ் போன்ற வழக்கமான கருப்பு வெள்ளை ஃபிலிம்களில் பிம்பமே வெள்ளித் துகள்கள்தான். சி-41 முறையோ வெள்ளியை முழுவதும் கரைத்துவிட்டுச் சாயத்தை மட்டும் விட்டுவைக்கும். அந்த ஃபிலிம்களைக் கலர் லேபில் கொடுத்தால் வெற்றுச் சுருள்தான் திரும்பி வரும். எக்ஸ்பி2-இல் பிம்பம் சாயத்தில் உருவாகிறது. அதனால் கலர் சுருள்களோடு சேர்த்து, அதே 37.8 டிகிரி செல்சியஸில், அதே 3 நிமிடம் 15 நொடியில் டெவலப் ஆகிவிடும். லேபில் தனியாக எதுவும் சொல்லத் தேவையில்லை.

இதன் வேகம் (ஐஎஸ்ஓ, அதாவது ஒளியுணர்திறன்) 400. நான் ஒளிமீட்டரை 200-இல் வைத்து, ஃபிலிமுக்குக் கூடுதல் ஒளி கொடுக்கிறேன். வழக்கமான ஃபிலிமில் ஒளி கூடினால் கிரெயினும் (படத்தில் தெரியும் துகள்தன்மை) கூடும், இதில் நேர்மாறு. சாயப் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து படம் வழவழப்பாகிறது. ஜன்னலோரம் வெள்ளைச் சட்டையில் ஒருவரை உட்காரவைத்து எடுத்துப் பாருங்கள்: சட்டை மடிப்புகள் வெளுத்துப்போகாது, கன்னத்து நிழலும் அடைத்துக்கொள்ளாது. ஒரே சுருளில் 50 முதல் 800 வரை எடுக்கலாம் என்று இல்ஃபோர்டு சொல்வது உண்மைதான். ஆனால் 800-இல் நிழல்கள் கலங்கிக் கிரெயின் முரடாகிவிடும் என்பதால் வேறு வழியில்லாதபோது மட்டுமே அங்கே போகிறேன்.

ஸ்கேன் செய்வோருக்கு இன்னொரு பெரிய நன்மை உண்டு. ஸ்கேனரின் அகச்சிவப்புத் தூசிநீக்கம் வெள்ளி ஃபிலிமில் பிம்பத்தையே தூசி என்று எடுத்துக்கொண்டு கெடுத்துவிடும். சாயத்தை அகச்சிவப்புக் கதிர் ஊடுருவிச் செல்வதால் இதில் அது சரியாக வேலை செய்கிறது. மணிக்கணக்கில் தூசிப் புள்ளிகளை அழித்துப் பழகியவர்களுக்கு இதன் அருமை புரியும்.

லேபில் பிரின்ட் போட்டால் மட்டும் கவனம் தேவை. கலர் தாளில் பச்சையோ பழுப்போ ஏறிவிடும். ஒரு லேபில் ஒரே சுருளின் படங்கள் இரண்டு சாயலில் வந்தன. நிறம் நீக்கிய ஸ்கேன் கேட்டு வாங்குவதே மேல். இதே போல சி-41-இல் கழுவும் கருப்பு வெள்ளை ஃபிலிமான கோடக் பிடபிள்யூ400சிஎன், கலர் நெகட்டிவ் போல ஆரஞ்சு அடித்தளம் கொண்டதால் கலர் தாளுக்கு இன்னும் இசைவாக இருந்தது. அதன் தயாரிப்பு 2014-இல் நின்றுவிட்டது. காலாவதியான சுருள்களைத் தேடி வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சாயம் வெள்ளி அளவுக்கு நீடிக்காது. நெகட்டிவ்களை வெப்பமும் ஈரமும் படாத இடத்தில் வைக்கிறேன். தலைமுறை தாண்டி இருக்க வேண்டிய படங்களுக்கு மட்டும் வெள்ளி ஃபிலிமையே எடுக்கிறேன்.