இன்டீரியர் டிசைன் டிகிரி என்று சொல்லி ரூ.2,36,000 வாங்கிவிட்டார்கள்: சேரும் முன் ரசீதைப் பாருங்கள்

இப்போதுதான் அந்த இன்ஸ்டிட்யூட்டிலிருந்து வீட்டுக்கு வந்தேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். பிளஸ் டூ முடித்துவிட்டு இன்டீரியர் டிசைன் படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் படியுங்கள். என்னென்ன சரிபார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

பெயர் போடவில்லை. கோவையில் இயங்கும் ஒரு தனியார் டிசைன் இன்ஸ்டிட்யூட். வக்கீலிடம் பேசிக்கொண்டிருக்கிறோம், இப்போதைக்கு அவ்வளவுதான் சொல்ல முடியும்.

என் தங்கச்சி பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப். ஆர்க்கிடெக்ட் ஆகப் படிக்கும் பி.ஆர்க். போக கணக்குப் பாடம் வேண்டும், நாட்டா மாதிரி நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இன்டீரியர் டிசைனுக்கு எந்த குரூப்பும் போதும் என்று விளம்பரத்தில் பார்த்துவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். கவுன்சிலிங் செய்த பெண் எங்களை நேராக சாம்பிள் அறைக்கு அழைத்துப் போனார். லேமினேட், வெனீர், டைல்ஸ், திரைத்துணி என்று சுவர் முழுக்க அடுக்கியிருந்தது. ஒவ்வொன்றையும் எடுத்து தங்கச்சி கையில் கொடுத்தார். ஆர்க்கிடெக்ட் ஆபீஸ், ஹோட்டல் புராஜெக்ட், சினிமா செட், கண்காட்சி ஸ்டால், சொந்தமாகத் தொழில் என்று எங்கெங்கே வேலை இருக்கிறது என்று பொறுமையாகச் சொன்னார். "மூணு வருஷம் பி.எஸ்சி.ங்கண்ணா. யுனிவர்சிட்டியோட டை-அப் இருக்கு. டிகிரி அவங்க பேர்லயே வரும், நூறு பர்சென்ட் பிளேஸ்மென்ட்" என்றார்.

அப்புறம் சொன்னதுதான் எங்களைச் சாய்த்தது. "அண்ணா, இன்னைக்குப் பணம் கட்டாதீங்க. வீட்ல அம்மாகிட்ட பேசிட்டு நிதானமா வாங்க." விற்கிறவரே அவசரப்படாதே என்றால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது? அன்று சாயங்காலமே போன். இரண்டு சீட்தான் மிச்சமாம், மூன்று வருடக் கட்டணத்தையும் ஒரே தடவையில் கட்டினால் சலுகையாம். அம்மாவின் சீட்டுப் பணம், என் பி.எஃப். பணம் எல்லாம் சேர்த்து ரூ.2,36,000 கட்டினோம்.

முதல் வருடப் பரீட்சைக்கு வந்த ஹால் டிக்கெட்டில் பல்கலைக்கழகத்தின் பெயரே இல்லை, இன்ஸ்டிட்யூட் சீல்தான். ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் நண்பனிடம் ரசீதைக் காட்டினேன். ஒரே பார்வையில் கேட்டான்: "ரெண்டு லட்சம் ஃபீஸ், 36,000 ஜி.எஸ்.டி.னு போட்டிருக்கான். சட்டப்படி அங்கீகாரம் உள்ள டிகிரி படிப்புக்கு ஜி.எஸ்.டி. கிடையாதேடா?" 18 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டிருக்கிறார்கள் என்றால், இது டிகிரி இல்லை என்று அவர்களுடைய பில்லே சொல்கிறது!

தேடிப் பார்த்தோம். அவர்கள் சொன்னது வட மாநிலத்துத் தனியார் பல்கலைக்கழகம். ஒரு மாநிலச் சட்டத்தில் தொடங்கிய தனியார் பல்கலைக்கழகம் அந்த மாநிலத்தைத் தாண்டி இப்படி மையம் வைத்து வகுப்பு நடத்த பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. விடுவதில்லை, 2003லேயே விதி இருக்கிறது. சத்தீஸ்கரில் இஷ்டத்துக்குத் தொடங்கிய நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் பல்கலைக்கழகங்களை உச்ச நீதிமன்றம் 2005ல் ரத்து செய்தது. இருபது வருடம் கழித்தும் அதே வியாபாரம் வேறு போர்டில் நடக்கிறது.

கேட்கப் போனால் கவுன்சிலர் வேலையை விட்டுப் போய்விட்டாராம். மேனேஜர் மீட்டிங்கில், அடுத்த தடவை போனால் வெளியூரில். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. கடைசியில் ஆபீஸில் ஒருவர் சிக்கினார். யு.ஜி.சி. விதிப்படி கட்டணத்தைத் திருப்பிக் கொடுங்கள், சேரும்போது வாங்கி வைத்துக்கொண்ட ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் கொடுங்கள் என்றேன். "அதெல்லாம் காலேஜுக்குங்க சார். நாங்க இன்ஸ்டிட்யூட்" என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல். பணம் வாங்கும்போது யுனிவர்சிட்டி, திருப்பிக் கேட்டால் இன்ஸ்டிட்யூட்.

இன்னொன்றும் சொன்னார்: "இந்த ஃபீல்டுல டிகிரி யார் சார் கேக்கறாங்க? டிப்ளமோ போதும்." இதில் பாதி உண்மை இருப்பதுதான் எரிச்சல். ஆர்க்கிடெக்ட் என்று போர்டு போட 1972ஆம் வருடச் சட்டப்படி ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிய வேண்டும். இன்டீரியர் டிசைனருக்கு அப்படி லைசென்ஸ் எதுவும் இந்தியாவில் இல்லை, டிப்ளமோ படித்து நன்றாகத் தொழில் செய்கிறவர்களும் உண்டு. ஆனால் நாளைக்கு அகமதாபாத் என்.ஐ.டி.யில் (தேசிய டிசைன் கல்வி நிறுவனம்) எம்.டெஸ். என்ற டிசைன் முதுகலைக்கு விண்ணப்பிக்கவோ, வெளிநாட்டில் மேலே படிக்கவோ, ஒரு பேங்க் தேர்வு எழுதவோ டிகிரி வேண்டாமா? டிப்ளமோ என்று சொல்லியே விற்றிருந்தால் அதற்குரிய விலையைப் பேசியிருப்போமே. டிப்ளமோவுக்கா ரூ.2,36,000?

பிளேஸ்மென்ட் பற்றி தங்கச்சி சீனியர்களிடம் விசாரித்தாள். மாடுலர் கிச்சன் ஷோரூமில் 'டிசைன் கன்சல்டன்ட்' வேலையாம். மாதம் இத்தனை ஆர்டர் பிடிக்க வேண்டும் என்ற டார்கெட்டோடு, சுத்தமான சேல்ஸ் வேலை. வகுப்பிலும் கம்ப்யூட்டரில் ஸ்கெட்ச்அப் படம் போட்டதுதான் மிச்சம், ஒரு சைட்டில் டேப் பிடித்து அளவெடுக்க விடவில்லை. சிங்க்குக்குக் கீழே தண்ணீர் தாங்கும் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பிளைவுட் போட வேண்டும் என்பதை எங்கள் வீட்டுக்கு வேலை செய்த தச்சர்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். சம்பளம் வாங்காமல்!

விவரமாக எழுதுகிறேன் என்றேன், அதற்கு இப்போது மனநிலை இல்லை. அவசரமாகச் சில விஷயங்கள். டிகிரி கொடுப்பது எந்தப் பல்கலைக்கழகம், எந்த வளாகம் என்று லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள். டை-அப் என்ற சொல் காதில் விழுந்தால் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே நேராக மெயில் போட்டுக் கேளுங்கள். மொத்தமாகக் கட்டாதீர்கள். ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். டிசைன் பட்டப்படிப்பான பி.டெஸ்.க்கு ஐ.ஐ.டி. பாம்பே நடத்தும் யூசீட் நுழைவுத் தேர்வு இருக்கிறது, காமர்ஸ் பிள்ளைகளும் எழுதலாம். எங்களுக்கு அப்போது யாரும் சொல்லவில்லை.

நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் பதிந்துவிட்டேன். இதே மாதிரி ஜி.எஸ்.டி. போட்ட ரசீது கையில் இருப்பவர்கள் தனிச்செய்தியில் வாருங்கள், சேர்ந்து நோட்டீஸ் அனுப்பலாம். மார்க் ஷீட் இன்னும் அவர்கள் பீரோவில்தான் இருக்கிறது.