ஹட்டோயாவா, 551 ஹோராயா?

ஜப்பானின் உள்ளூர் டிவி விளம்பரங்களைப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு எதில் ஆரம்பிப்பது என்ற குழப்பம் வரும். என்னைக் கேட்டால் போட்டி இரண்டுக்குத்தான்: இஸூ தீபகற்பத்தில் இட்டோ என்ற ஊரிலுள்ள ஹட்டோயா ஓட்டல், ஒசாகாவில் பன்றிக்கறி பன் விற்கும் 551 ஹோராய் கடை.

மனதில் ஒட்டுவது
ஹட்டோயா: பாட்டு. 'இட்டோ போவதென்றால் ஹட்டோயா' என்று பாடி, போன் எண் 4126-ஐயும் சொல்வார்கள். அந்த எண்தான் அழகே. ஜப்பானிய மொழியில் எண்களை ஒலிகளாக வாசிக்கலாம்: நாலுக்கு 'யோ', ஒன்றுக்கு 'இ', இரண்டுக்கு 'ஃபு', ஆறுக்கு 'ரோ'. சேர்த்தால் 'யோய் ஃபுரோ', அதாவது நல்ல குளியல். வெந்நீர் ஊற்று ஊருக்கு இதைவிடப் பொருத்தமான எண் ஏது!
551: முகங்கள். பன்றிக்கறி பன் 'இருக்கும்போது!' என்றதும் எல்லோரும் கொண்டாடுகிறார்கள். 'இல்லாதபோது...' என்றதும் அதே ஆட்கள் தொங்கிப்போகிறார்கள்.

ஊர் வாசனை
ஹட்டோயா: ஓட்டல் இட்டோவில் இருந்தாலும், பாட்டு டோக்கியோ பக்கத்து வீடுகளிலும் பழகியது.
551: முழுக்க கன்சாய், அதாவது ஒசாகாவைச் சுற்றியுள்ள பகுதி. கடைகளும் அந்தப் பகுதியில்தான். ஒசாகாவிலிருந்து திரும்புபவர்கள் பன் டப்பாவோடு ரயில் ஏறுவார்கள், ரயில் பெட்டி முழுக்க மணக்கும்.

எளிமை
ஹட்டோயா: எண் விளையாட்டை யாராவது விளக்க வேண்டும்.
551: மொழியே வேண்டாம்.

ஜப்பானிய மொழி படிப்பவர்கள் ஹட்டோயாவில் தொடங்கலாம், எண்களும் சேர்ந்தே மனப்பாடமாகும். சும்மா சிரிக்க வேண்டும், ஒசாகாக்காரர்களின் குணம் தெரிய வேண்டும் என்பவர்களுக்கு 551. எனக்கு ஒன்றுதான் என்றால், சரி, 551-ஐத்தான் எடுப்பேன்.